செலஸ்டின் அழித்த வரிகள்

தூத்துக்குடியில் பெரிய கோயிலுக்குத் தெற்கே, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகளெல்லாம் துருவேறிப்போன ஒரு தெருவில் எமில்டா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் செலஸ்டின் செத்து நாலு மாதம் கழித்து, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், அவனுடைய உடைந்த லேப்டாப்பைப் பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் போட்டோவோடு விற்பனைக்குப் போட்டாள்.

செலஸ்டின் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சியில் கப்பல் பில் போடுகிறவன். பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆபீசில் இருக்கவேண்டிய பகல் பதினொன்றரை மணிக்கு, ஆபீசுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத திருநெல்வேலி பைபாஸில் லாரி மோதி பைக்கோடு விழுந்தான். லேப்டாப் அவன் முதுகில் பையோடு இருந்தது. அவனுக்குத் தலையில் அடி, லேப்டாப்புக்கு வயிற்றில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பொருள்களில் கடிகாரமும் செருப்பும் போனும் ஒரு கவரில் இருந்தன. லேப்டாப்பை ஒரு போலீஸ்காரர் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிவந்து கொடுத்தார்.

அந்த லேப்டாப்பை மகள் ரெனிட்டா எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. தினம் சாயங்காலம் பள்ளிக்கூட யூனிபார்மைக்கூட மாற்றாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு பவர் பட்டனை அமுக்குவாள், விடுவாள், மறுபடி அமுக்குவாள். கட்டைவிரல் சிவந்து தோல் உரிந்தும் விடவில்லை. எமில்டா நாலு மாதம் அதைப் பார்த்தாள். பிறகு மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினாள்.

முதலில் கேட்டது மதுரைக்காரர் ஒருவர். "முழுசாத் தாறீங்களா, பாகமாத் தாறீங்களா? முழுசாத் தந்தா நானே வந்து எடுத்துக்கிறேன். ரெண்டு நாள்ல உயிர் குடுத்துருவேன்" என்று எழுதியிருந்தார். எமில்டா அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சநேரம் கழித்து, "முழுசாக இல்லை, பாகமாக மட்டும்" என்று பதில் போட்டாள்.

அன்றைக்கே அடுப்படித் தரையில் செய்தித்தாளை விரித்து, மூக்குக்கண்ணாடி திருகும் சின்ன ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தாள். ஆயுசு முழுவதும் மீனைக் கழுவித் துண்டு போட்ட கை. எங்கே மூட்டு, எங்கே செதில் என்று அந்தக் கைக்கே தெரிந்தது. ஸ்க்ரீன் தனி, ஸ்பீக்கர் தனி, காற்றாடி தனி, கீபோர்டு தனி என்று பிரித்து அடுக்கினாள். ஹார்டு டிஸ்க்கை மட்டும் விற்கவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு பழைய துறைமுகத்தின் பக்கம் நடந்துபோய், பாறைகளுக்கு அந்தப்புறம் ஆழம் பார்த்து எறிந்தாள். ஒரு மனுஷன் எழுதினதெல்லாம் அதற்குள்தான் இருக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பாகங்கள் ஒரு வாரத்தில் போய்விட்டன. எல்லாம் உள்ளூர்க்காரர்களே வாங்கினார்கள்.

ஸ்க்ரீனை வாங்கிய ஜெரோம் ஸ்டூடியோக்காரர் அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டினார். போட்டால் நன்றாகத்தான் எரிந்தது. அணைத்தால்தான் அந்தக் கறுப்புக்குள் கண்ணாடி போட்ட ஒரு முகம் தெரிந்தது. கடையில் அப்படி ஒரு ஆள் இல்லாதபோதும் தெரிந்தது. ஜெரோம் அது செலஸ்டின் என்று உடனே கண்டுகொண்டார், அவன் கல்யாணத்துக்கே அவர்தான் படம் எடுத்தவர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் அந்தக் கறுப்பில் தலைவாரிக்கொள்ளும்போது, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்பார்கள். முகமும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளும்.

ஸ்பீக்கர் இசக்கிமுத்துவின் ஆட்டோவுக்குப் போனது. பாட்டுக்கு நடுவில், வளைவில் வேகம் குறையாவிட்டால், அது நாக்கைத் தட்டி 'ச்சு' என்றது. மகளுக்கு ஸ்கூட்டி பழக்கும்போது செலஸ்டின் செய்கிற அதே 'ச்சு'. இசக்கிமுத்து வேகத்தைக் குறைத்தான். வண்டியில் கீறல் விழுவது நின்றது. காற்றாடியை வாங்கிய வண்ணமீன் கடை டெல்பின் அதைத் தொட்டிக்கு மேலே மாட்டிவைத்தாள். அது மற்ற காற்றாடிபோல் ஒரே சீராக வீசாமல், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் மூச்சுப்போல இழுத்து விட்டு, இழுத்து விட்டு வீசியது. மீன்களெல்லாம் அந்தப் பக்கமாக வந்து அந்த மூச்சோடு முன்னும் பின்னும் ஆடின.

எமில்டாவுக்குச் சங்கடமாக இருந்தது. கெட்டுப்போன மீனை விற்றவள்போல ஒவ்வொரு வீடாகப் போய், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். ஒருத்தரும் தரவில்லை. "இருக்கட்டும்க்கா, தொந்தரவு ஒண்ணும் இல்ல. அமைதியான மனுசன்தான" என்றாள் டெல்பின். கோயில் சாமியாரிடம் கேட்டபோது அவர் வெகுநேரம் யோசித்து, ஆட்டோவுக்கு மட்டும் வேண்டுமானால் தீர்த்தம் தெளிக்கலாம், அதுவும் வண்டிக்காகத்தான் என்றார்.

ஸ்டூடியோவில் அந்தக் கறுப்பின் முன்னால் எமில்டா ஒருமுறை நின்றாள். முகம் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, தட்டிக்கொண்டிருக்கிற வரியைப் பார்க்கிறவன்போல் பார்த்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷமும் அவன் அப்படித்தான் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

கீபோர்டுதான் கடைசியாகப் பேசியது.

அதை வாங்கியவள் பேச்சிக்கனி. கோர்ட்டு வாசலில், வேப்பமரத்தடியில், பத்திரமும் மனுவும் டைப் அடித்துத் தருகிற ஒரு சின்னக் கடையின் சொந்தக்காரி. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளிடம் இருந்ததும் அதே மாடல் லேப்டாப். டீ கொட்டிக் கீபோர்டு செத்திருந்தது. இந்தக் கீபோர்டை மாட்டிய மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அவள் ஒரு கிரையப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். கிழக்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் வீடு என்று எல்லை போட்டுக்கொண்டு வந்தவள் தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தாள். சாவிகள் தாமாக இறங்கின. வடக்கு எல்லை இருக்கவேண்டிய இடத்தில், இங்கிலீஷ் எழுத்தில், தமிழில் ஒரு வரி வந்தது:

எமி, நேத்து வெச்ச குழம்பு நல்லா இருந்துச்சு.

ஒரு மூச்சுவிடும் நேரம் அந்த வரி நின்றது. பிறகு பேக்ஸ்பேஸ் சாவி தானாக இறங்கி, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே போய், வடக்கு எல்லையைக் காலியாக விட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு, 'மழை வருது, குடை எடுத்துட்டுப் போனியா' என்று வந்து அழிந்தது. அதற்கு மறுநாள் 'சாரி' என்று ஒற்றைச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அன்று லீவு. பேச்சிக்கனி ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கி, அழிவதற்குள் படித்ததையெல்லாம் தேதிபோட்டு எழுதிவைத்தாள். ஒரு மாதம் ஆனதும் எமில்டாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"எக்கா, இதெல்லாம் ஒங்களுக்கு வந்துச்சா?"

எமில்டா நோட்டைப் படித்தாள். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். செலஸ்டின் அவளுக்கு அனுப்பியதெல்லாம் அதில் இருந்தது. 'வரேன்.' 'லேட் ஆகும்.' 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு.' 'சரி.'

"அப்போ இது அனுப்பாம அழிச்சதுக்கா" என்றாள் பேச்சிக்கனி. "அடிச்சிருக்காவ, பாத்திருக்காவ, அழிச்சிருக்காவ."

"இதை அனுப்பியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பாரு" என்றாள் எமில்டா. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் பதினோரு மணிக்குக் கோர்ட்டு வாசலில் வந்து நின்றாள், அதற்கு மறுநாளும் நின்றாள்.

ஊருக்கு இது பழகிப்போனது. பத்திரம் எழுத வருகிறவர்கள் பதினொன்றுக்கு முன்னால் முடித்துத்தரச் சொன்னார்கள், அல்லது பதினொன்றேகால் ஆகட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வக்கீல்கள் டீ கிளாசோடு வந்து நின்று படித்துவிட்டுக் கேசுக்குப் போனார்கள். தெருவில் பெண்கள் தங்கள் புருஷன்மார் போனில் விரல் தயங்குவதைக் கண்டால், "அழிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் காட்டினார்கள், சில வீட்டில் அதனாலேயே சண்டை வந்தது, இரண்டு வீட்டில் வெகுகாலத்துச் சண்டை தீர்ந்தது. ஒருநாள் பேச்சிக்கனி கவனிக்காமல் சரியாக அந்த ஒரு மூச்சு நேரத்தில் பிரிண்ட் கொடுத்துவிட்டதால், ஒரு வீட்டுமனைக்குத் தெற்கு எல்லையாகச் 'சாப்பிட்டியா' என்று விழுந்தது. விற்றவரும் வாங்கியவரும் அதைப் படித்துவிட்டு, இருக்கட்டும், அழிக்கவேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ரெனிட்டாவும் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, வரி வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்து, அழிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுவாள். லேப்டாப்பை விற்றதற்காக அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடுதான் குறைந்துகொண்டே வந்தது. தட்டில் வைத்ததில் பாதி தட்டிலேயே இருந்தது.

கார்த்திகை மாதத்தில் பேச்சிக்கனி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். வரிகள் வரிசையாக வருகின்றன. ஆரம்பத்தில் வந்தது முந்தின வருஷத்துக் கோடை, பிறகு அந்த வருஷத்துத் தேர்த்திருவிழா, பிறகு மழை வெள்ளம். இப்போது போன கிறிஸ்மஸுக்கு வந்தாயிற்று. ஆக, இப்படியே போனால் ஒருநாள் அந்த வியாழக்கிழமை வரும்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து கூட்டம் இரட்டிப்பானது. ஏனென்றால் செலஸ்டின் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஏன் போனான் என்பது ஊருக்கு இன்னும் தீராத கேள்வி. எமில்டாவைக் கேட்டவர்களிடம் அவள் தெரியாது என்றாள். தெரியாது என்று பொண்டாட்டி சொன்னால், ஊர் தானே ஒன்றைச் சொல்லிக்கொள்ளும். பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள். சிலர் அந்த வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் என்றுகூடச் சொன்னார்கள். சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களே எமில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்கிடாத" என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

ஆனால் எமில்டாவுக்குத் தெரியும். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், செலஸ்டின் போனில் கடைசியாக வந்திருந்த நம்பரை அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பெண் எடுத்தாள். வல்லநாட்டில் பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். "நான் பேசலம்மா. யூனிபார்ம் போட்ட ஒரு பிள்ளை அழுதுக்கிட்டு வந்து, அவங்கப்பாவுக்கு ஒரு போன் போடணும்னு கேட்டுச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க, அம்மாட்டச் சொல்லாதீங்கன்னு பேசிச்சு. அதுக்குப் பொறவு..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எமில்டா போனை வைத்துவிட்டாள். அந்த நம்பரை அழித்தாள். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பனைக் கொன்ற பிள்ளை என்று ஊர் ஒரு பேர் வைத்தால் அது அந்தப் பிள்ளைக்குச் சாகும்வரை நிற்கும். பச்சை வீட்டுக்காரி என்று ஒருத்தி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், செத்தவனுக்குக் காது கேட்காது என்று முடிவுசெய்துகொண்டாள். லேப்டாப்பை முழுசாக விற்காததும், ஹார்டு டிஸ்க்கைக் கடலில் போட்டதும் அதற்காகத்தான்.

பொங்கல் முடிந்து, வரிகள் போன வருஷத்துப் பொங்கலைத் தாண்டியபோது, எமில்டா பேச்சிக்கனி கடைக்குக் கூட்டமில்லாத நேரத்தில் போனாள்.

"பேச்சி, அந்தக் கீபோர்ட எனக்குத் திருப்பித் தா."

பேச்சிக்கனி அடித்துக்கொண்டிருந்த மனுவை நிறுத்தினாள். "ஏங்க்கா?"

"கேக்காத."

பேச்சிக்கனி சாவிகளின் மேல் கையை வைத்தாள். "நான் காலையில கடைக்கு வாறதே இதுக்குத்தான்க்கா. சிரிக்காதீங்க. ஒங்களுக்குத்தான் எழுதுதாருன்னு தெரியும். ஆனா எனக்குன்னு யாரும் அழிச்சதுகூட இல்ல."

எமில்டா சிரிக்கவில்லை. பேச்சிக்கனி எழுந்து ஸ்குரூடிரைவரை எடுத்தாள். கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி, நோட்டையும் மேலே வைத்துக் கொடுத்தாள்.

எமில்டா அதை வீட்டில் அரிசிப்பானைக்குள் வைத்து மூடினாள். மறுநாள் பதினோரு மணிக்குப் பானைக்குள் டக்டக் என்று சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, சாவிகள் மட்டும் அரிசிக்குள் இறங்கி ஏறின. அவள் ஒரு துணியைப் போட்டு அமுக்கினாள். துணிக்குள்ளும் சத்தம் கேட்டது. இப்படி நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, ரெனிட்டா வீட்டில் இருந்தாள்.

சத்தம் கேட்டதும் அவள் நேராக அடுப்படிக்கு வந்து, பானையைத் திறந்து, கீபோர்டை எடுத்துத் தரையில் வைத்து, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எந்தச் சாவி இறங்குகிறதோ அந்த எழுத்தை வாய்விட்டுச் சொன்னாள். எழுத்துகள் சொல்லாயின. எமில்டா சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

எமி, மார்க் குறைஞ்சதுக்குப் பாப்பாவை அடிச்சிருக்க வேண்டாம்.

பேக்ஸ்பேஸ் சாவி இறங்கியது. அழிப்பதற்கு எதிரே எதுவும் இல்லாதபோதும் வரி முடியும்வரை விடாமல் தட்டியது.

அம்மா மகளை அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அவன் இதை எழுதி அழித்தது புதன். அடுத்தது வியாழன். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் ரெனிட்டா. "திங்கக்கிழமை கடைசி. அதைக் கடையில வெச்சுத்தான் பாக்கணும்மா. எல்லாரும் பாக்கணும்."

"வேண்டாம்."

"அப்பாவைப் பத்தி என்னெல்லாம் பேசுதாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்."

"பொறவு ஏன் வேண்டாங்கீங்க?"

எமில்டா மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வல்லநாட்டு டீக்கடையும் எனக்குத் தெரியும் மக்கா."

ரெனிட்டா தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"எப்பத்துலேருந்து?"

"மூணாம் நாள்லேருந்து."

"ஒரு வருசமாத் தெரிஞ்சும் என்னை ஒண்ணும் கேக்கல."

"நீயும் ஒண்ணும் சொல்லல."

அப்புறம் ரெனிட்டா சொன்னாள். அடி வாங்கிய வலியில் ஓடிப்போய்விடுவது என்று திருநெல்வேலி பஸ்ஸில் ஏறியதும், பாதி வழியில் பயம் வந்து இறங்கியதும், அப்பாவுக்குப் போன் பண்ணியதும், மூன்று மணிவரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், அப்பா வரவில்லை என்று கோபத்தோடு பஸ் ஏறி வந்து தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்ததும். "கோவத்தோட வந்தேம்மா. அவரு மேல கோவத்தோட வந்தேன்" என்றாள். எமில்டா அவளைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். பிள்ளை கட்டைபோல விறைப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பத்தரைக்கு இரண்டு பேரும் கீபோர்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டு வாசலுக்குப் போனார்கள். கீபோர்டு போய்விட்டது என்று தெரிந்தும் கூட்டம் வருவதை நிறுத்தியிருக்கவில்லை, பழக்கம் அப்படி. ஜெரோம் வந்திருந்தார், டெல்பின் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள், இசக்கிமுத்து ஆட்டோவை மரத்தடியில் போட்டிருந்தான். பேச்சிக்கனி கீபோர்டை மாட்டினாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்தாள்.

பதினொன்றுக்குச் சில நிமிஷம் இருந்தது. ரெனிட்டா கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கப்பா அந்த ரோட்டுல எதுக்குப் போனாவன்னு பாக்கத்தான வந்திருக்கீங்க. என்னைக் கூப்பிடப் போனாவ. நான் ஸ்கூலுக்குப் போகாம வல்லநாட்டுக்குப் போயிட்டேன். நாந்தான் வரச் சொன்னேன். அம்மாட்டச் சொல்லாதீங்கன்னும் நாந்தான் சொன்னேன். வேற யாரும் இல்ல."

பச்சைப் பெயிண்ட் என்று சொன்ன பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எமில்டா மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஊரைப் பார்த்தாள். ஒருவர் ஒரு சொல் தவறாகச் சொன்னால் பாய்ந்துவிடுகிறவளைப்போல் நின்றாள். ஆனால் யாரோ ஒரு பெரியவர் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்து ரெனிட்டாவின் பின்னால் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அப்போது சாவிகள் இறங்க ஆரம்பித்தன.

எமி, பாப்பா என்கூடத்தான் இருக்கா. சாயங்காலம் ரெண்டு பேரும் வந்துருவோம்.

மற்ற நாளைவிட அதிகநேரம் அந்த வரி நின்றது. அனுப்பிவிடுவான் என்றே சிலருக்குத் தோன்றியது. அவன் பொண்டாட்டியிடம் பொய் சொல்லிப் பழகாதவன். பேக்ஸ்பேஸ் இறங்கியது. முதலில் 'வந்துருவோம்' போனது, பிறகு 'ரெண்டு பேரும்' போனது, பிறகு சாயங்காலம் போனது, பாப்பா போனாள். கடைசியில் 'எமி' என்ற பேர் மட்டும் வெள்ளைப் பக்கத்தில் தனியாக நின்றது. பேச்சிக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பேரும் எழுத்து எழுத்தாக அழிந்தது.

அன்று மத்தியானம் டெல்பின் கடைக்குத் திரும்பியபோது காற்றாடி மற்ற காற்றாடிபோல் வீசிக்கொண்டிருந்தது, மீன்கள் தொட்டி முழுக்கச் சிதறித் திரிந்தன. ஸ்டூடியோவின் கறுப்பில் ஜெரோமின் முகம்தான் தெரிந்தது. அவர் பழக்கத்தில் கொஞ்சம் தள்ளி நின்றே தலைவாரினார்.

எமில்டாவும் ரெனிட்டாவும் வீட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டு வாசலிலிருந்து நடக்கும்போது ரெனிட்டா, "அந்த நேரத்துல என்மேல கோவமா இருந்தாவளான்னு மட்டும் அதுல வரல" என்றாள். எமில்டா நின்றாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த திருநெல்வேலி பஸ்ஸை மறித்து ஏறினாள். பைபாஸில் அந்த இடம் வந்தபோது இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ரோடு மட்டும்தான் இருந்தது.

வல்லநாட்டு டீக்கடைக்காரி ரெனிட்டாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். செல்லத்தாயி என்று பேர். எமில்டா தன்னை யார் என்று சொன்னதும், "அன்னைக்குப் போன் பண்ணுனது நீங்கதானா? நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே வெச்சிட்டீங்களே" என்றாள்.

"மிச்சத்தைச் சொல்லுங்க" என்றாள் எமில்டா.

"மிச்சம் என்ன. பிள்ளை காத்துக்காத்துப் பார்த்துட்டு மூணு மணி பஸ்ஸுல போயிட்டா. நாலு மணிக்கு அவங்கப்பா வந்தாவ."

எமில்டா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தாள். நாலு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிதானா?"

"வடைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு இருந்தேன், அதான் தெரியும். பைக்கு கியிக்கு ஒண்ணும் இல்ல, நடந்துதான் வந்தாவ. கண்ணாடி போட்டிருந்தாவ, முதுகுல பை. வேர்த்துக் கொட்டிப்போய் வந்து, யூனிபார்ம் போட்ட பிள்ளை எங்கன்னு கேட்டாவ. பத்திரமா பஸ்ஸு ஏத்திவிட்டேன்னேன்."

ரெனிட்டா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. "கோவமா இருந்தாவளா?"

"கோவமா?" செல்லத்தாயி யோசித்துப் பார்த்தாள். "இல்லையே. அழுதாளான்னு கேட்டாவ. கொஞ்சமா அழுதா, பொறவு ரெண்டு பன்னு தின்னான்னேன். அதைக் கேட்டுட்டுச் சிரிச்சாவ. லேட்டாயிட்டு, நாந்தான் லேட்டாயிட்டேன்னு ரெண்டு தடவ சொன்னாவ. இதே பெஞ்சுலதான் கொஞ்சநேரம் ஒக்காந்திருந்தாவ. டீ போடட்டுமான்னேன், வேண்டாம், வீட்டுல தேடுவாங்கன்னுட்டு எந்திரிச்சாவ. தூத்துக்குடி பஸ்ஸு வந்து நின்னுச்சு, ஏறல. ரோட்டோரமா பஸ்ஸு போன பக்கமாவே நடந்து போனாவ."

ரெனிட்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்து முகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில் முதல்தடவையாக, தோள் குலுங்க, மூச்சு முட்டச் சத்தம்போட்டு அழுதாள். எமில்டா அவள் முதுகில் கையை வைத்தபோது அந்த உடம்பு விறைப்பு விட்டிருந்தது. செல்லத்தாயி அடுப்பைக் கூட்டி எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள்.

தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு இவர்களைப் பார்த்தார். எமில்டா மகள் முதுகிலிருந்து கையை எடுக்காமல், அடுத்ததில் வருகிறோம் என்று தலையை ஆட்டினாள். விசிலடித்து பஸ் போனது.